கட்டம் போட்ட அட்டை: கொடைக்கானல் தகரப்பெட்டியும் ஒரு துப்பறியும் அட்டைப்படத்தின் வருஷமும்

போன ஐப்பசியில், மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், கொடைக்கானல் நாயுடுபுரத்திலிருந்து டாக்ஸி ஓட்டும் தம்பி ஒருவர் போன் செய்தார். அவருடைய அப்பா போர்டு எழுதுகிறவர். கடை போர்டு, லாரியின் பின்பக்கம், திருவிழா பேனர், கல்யாண வீட்டு வாசல் எழுத்து என்று எல்லாம் செய்தவர். காலமாகி நான்கு வருஷம் ஆகிறது. வீட்டைப் பிரித்துக் கட்டுவதற்காகப் பரணிலிருந்து சாமான்களை இறக்கும்போது ஒரு தகரப்பெட்டி கிடைத்திருக்கிறது. உள்ளே எனாமல் டப்பா, காய்ந்து குச்சியாகிப்போன பிரஷ்கள், அதற்கடியில் சணல் கயிற்றில் கட்டிய ஒரு கட்டு.

"புத்தகம் இல்லண்ணே, வெறும் அட்டை மட்டும்தான். துப்பாக்கி, ரத்தம், டார்ச் லைட்டு, அலறுற பொம்பளைன்னு ஒரே பயங்கரமா இருக்கு. நீங்க இதெல்லாம் சேக்குறவர்னு பெருமாள்மலைல சொன்னாங்க."

மொத்தம் 43 அட்டைகள். 39 தமிழ், 4 அமெரிக்கா. இவற்றில் பாதிக்கு மேல் ஓரம் வெட்டுப்பட்டவை, அதாவது பத்திரிகையின் பெயரோ, மாதமோ, விலையோ போய்விட்டவை. ஆனால் இந்தக் கட்டுரை முக்கால்வாசி ஒரே ஒரு அட்டையைப் பற்றியதுதான், ஏனென்றால் அதை எடுத்து நீட்டியபோது தம்பி சொன்ன வார்த்தை இது: "இது அப்பா வரைஞ்சது. மெட்ராஸ்ல இருந்தப்ப வரைஞ்சு குடுத்ததுன்னு சின்ன வயசுல இருந்து சொல்லுவாரு."

படத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண். கையில் டார்ச். பின்னால் ஜன்னல் திரைச்சீலை விலகி, கறுப்புக் கையுறை போட்ட ஒரு கை நீண்டு வருகிறது. முகத்தில் கீழிருந்து மேலாக அடிக்கும் மஞ்சள் வெளிச்சம், மீதியெல்லாம் நீல இருட்டு. நல்ல கைவேலை. மேலே பெயரின் கீழ்ப்பாதி மட்டும் தெரிகிறது, கீழே மாதமும் விலையும் இருந்திருக்க வேண்டிய இடம் இல்லை, வலது ஓரமும் இல்லை. படத்தின் மேல் அரை அங்குலக் கட்டங்களாகப் பென்சில் கோடு. கையெழுத்து எங்கும் இல்லை. (எந்த மாத நாவல் என்று எனக்குத் தெரியும், வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் அடுத்த வாரமே அந்த வரிசைக்கு விலை ஏறிவிடும், நானே இன்னும் ஆறு இதழ் வாங்க வேண்டியிருக்கிறது.)

குடும்பத்தின் கணக்கு இப்படி. அப்பா 1968இல் மெட்ராஸ் போய் ஒரு சினிமா பேனர் கம்பெனியில் சேர்ந்தார். 1974 தை மாதம் கல்யாணத்துக்காகக் கொடைக்கானல் வந்தவர் திரும்பிப் போகவில்லை. தை என்பதில் சந்தேகமே இல்லை, அம்மா கல்யாணப் பத்திரிகையைப் பத்திரமாக வைத்திருக்கிறார். ஆக, அட்டையை அவர் மெட்ராஸில் வரைந்தது நிஜமென்றால் அது 1968க்கும் 1974 தொடக்கத்துக்கும் இடையில் வந்திருக்க வேண்டும். கேள்வி இவ்வளவுதான்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். படத்தைப் பார்த்தவுடன் சொன்னேன், "அறுபதுகளின் கடைசி, தம்பி, எழுபதைத் தாண்டாது." அந்தப் பெண்ணின் உயர்த்திக் கட்டிய கொண்டை, கண்ணோரம் நீட்டிய மை, கை ஒட்டிய ரவிக்கை எல்லாம் அந்தக் காலத்துச் சினிமா. அவர் முகம் மலர்ந்துபோனது. நானும் ஒரு கவரில் "1968–70?" என்று எழுதி அட்டையை உள்ளே போட்டேன். அட்டை சேர்க்க ஆரம்பித்து இருபது வருஷம் கழித்தும் தலைமுடியைப் பார்த்து வருஷம் சொல்கிறேன் என்றால் என்னத்தைச் சொல்வது. ஓவியர் தான் வாலிபத்தில் பார்த்த நடிகையைத்தான் ஐம்பது வயது வரைக்கும் வரைவார். ஃபேஷன் கீழ்வரம்பு மட்டும்தான் தரும், அதுவும் தளர்வாக.

அதைவிடப் பெரிய பொறி அமெரிக்க அட்டைகளில் இருந்தது. அவை எப்படிக் கொடைக்கானல் வந்தன என்பதில் அதிசயமில்லை. 1845இல் மதுரை மிஷனைச் சேர்ந்த அமெரிக்கர்கள் வந்து வீடு கட்டியதிலிருந்துதான் இந்த ஊர் ஊராகிறது, அவர்கள் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். பங்களாக்களுக்கு ஜன்னல் பெயிண்ட் அடிக்கப் போன இடத்தில், குடும்பம் காலி பண்ணிப் போகும்போது பழைய பேப்பரோடு போட்டதை அப்பா எடுத்து வந்திருக்கிறார் என்கிறார் தம்பி. பாதிரியார் வீட்டில் கொலைக்கதைப் பத்திரிகையா என்று எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. கோடை விடுமுறையில் மழை பிடித்துக்கொண்டால் யார்தான் என்ன செய்வார்கள்.

அந்தப் பத்திரிகைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சானவை, ஏழு அங்குலத்துக்குப் பத்து அங்குலம், பெரும்பாலும் 128 பக்கம், பத்துப் பதினைந்து சென்ட் விலை. தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் நிறைய இருப்பதால் உள்பக்கங்கள் சில வருஷத்திலேயே பழுத்து, தொட்டால் அப்பளமாக நொறுங்கும். ஆனால் அட்டை மட்டும் பளபளப்புப் பூச்சுள்ள நல்ல தாள், ஏனென்றால் கடையில் தொங்கி வாங்கவைக்க வேண்டியது அதுதான். 1915இல் தொடங்கிய டிடெக்டிவ் ஸ்டோரி மேகசின், 1920இல் வந்த பிளாக் மாஸ்க், 1931இல் வந்த டைம் டிடெக்டிவ் எல்லாம் இந்த வகைதான். அட்டைக்கு ஓவியர்கள் பெரும்பாலும் கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில், அச்சாகும் அளவைவிடப் பல மடங்கு பெரிதாக வரைந்தார்கள். நார்மன் சாண்டர்ஸ், வால்டர் பாம்ஹாஃபர் போன்றவர்கள் அதில் பேர் வாங்கியவர்கள். அச்சானபின் மூல ஓவியங்களை யாரும் மதிக்கவில்லை, ஏராளமானவை குப்பைக்குப் போயின. பல சமயம் அட்டைப்படம் முதலில் தயாராகி, அதற்கேற்றபடி கதை எழுதச் சொன்னதும் உண்டு. இன்னொரு வேடிக்கை, விற்காத பிரதியை முழுசாகத் திருப்பி அனுப்பத் தபால் செலவு தாங்காது என்று, அட்டையை மட்டும் கிழித்து அனுப்பிக் காசைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் அங்கே கடைக்காரர்களுக்கு இருந்தது. அதனால் தனி அட்டை கையில் கிடைத்தால் அது யாரோ ஆசையாகச் சேர்த்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

நான்கில் ஒன்றுதான் நமக்கு முக்கியம். பெயர் பாதி கிழிந்தது, தேதி இல்லை. மூலையில் சின்னதாக ஒரு நீலக் கழுகு, ஒரு காலில் பல்சக்கரம், இன்னொரு காலில் மின்னல். அது அமெரிக்காவின் என்.ஆர்.ஏ. (தேசிய மீட்பு நிர்வாகம்) சின்னம். பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க ரூஸ்வெல்ட் அரசு 1933இல் கொண்டுவந்த திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்கள் போட்டுக்கொண்டது, 1935 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றதும் போய்விட்டது. ஆக, 1933 கோடைக்கும் 1935 கோடைக்கும் இடையில். இரண்டு வருஷ ஜன்னல், ஒரு நிமிஷ வேலை. மறுபதிப்போ பிற்கால நகலோ என்ற சந்தேகத்துக்குக் கள்ளநோட்டு பார்க்கிற புற ஊதா லைட்டை அடித்துப் பார்த்தேன். தாளை வெள்ளையாகக் காட்டும் ஒளிர்பொருட்களைக் காகிதத்தில் பரவலாகக் கலக்க ஆரம்பித்தது ஏறக்குறைய 1950க்குப் பிறகு, அது இருந்தால் நீலமாக மின்னும். இது மின்னவில்லை, மக்கிய சாக்குப்பை மாதிரி மங்கலாகவே இருந்தது.

அப்புறம் அந்தப் படத்தைப் பார்த்தேன். மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண், கையில் டார்ச், பின்னால் ஜன்னல், திரையை விலக்கி நீளும் ஒரு கை.

அப்படியே நம் பச்சைச் சேலைக்காரி! இடம் வலம் மட்டும் மாறியிருந்தது.

ராத்திரி பதினொரு மணிக்குத் தம்பிக்குப் போன் போட்டேன். மூலப் படம் அப்பாவின் பெட்டியில் இருக்கிறது, அதைப் பார்த்து வரைந்த தமிழ் அட்டையும் அதே பெட்டியில் இருக்கிறது, வேறு யார் வரைந்திருப்பார்கள் என்று நான்தான் சொன்னேன், அவர் சொல்லவில்லை. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், பொய்யான முடிவுக்கு ஒருவன் எவ்வளவு சந்தோஷமாகப் போகிறான் என்பதைக் காட்டத்தான்.

மறுநாள் காலை காபி குடிக்கும்போதே ஒரு முள் குத்தியது. மெட்ராஸுக்கு 1968இல் போனவர், பங்களா பெயிண்ட் வேலைக்குப் போனது எப்போது? தம்பியைக் கேட்டேன். அவர் அம்மாவைக் கேட்டார். "மெட்ராஸ்ல இருந்து வந்த அப்புறந்தான், தம்பி, அப்பா பங்களா வேலைக்குப் போனாரு. அதுக்கு முந்தி எங்க போனாரு, சின்னப் பையனுல்ல" என்றார் அம்மா. அதாவது அமெரிக்க அட்டை பெட்டிக்குள் வந்தது 1974க்குப் பிறகு. அட்டையை மெட்ராஸில் வரைந்தார் என்ற கதையும், இந்த அமெரிக்க அட்டையைப் பார்த்து வரைந்தார் என்ற என் கதையும் ஒன்றாக நிற்க முடியாது. ஒன்றாவது விழ வேண்டும்.

சரி, படத்தை மறந்துவிட்டு அட்டையைத் திருப்புவோம் என்று முடிவு செய்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

உள்பக்கத்தில் மூன்று விஷயங்கள். மேலே, வெட்டுக்குத் தப்பிய ஒரு வரியில் சந்தா அனுப்ப வேண்டிய சென்னை முகவரி. நடுவில் மத்திய அரசு விளம்பரம். கீழே ஒட்டியிருந்த ஒரு சீட்டு.

முகவரியில் 600 என்று தொடங்கும் ஆறு இலக்கப் பின்கோடு முழுசாக இருந்தது. இந்தியாவில் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அதற்கு முன்னால் சென்னை-17, சென்னை-2 என்று மட்டும்தான் போடுவார்கள். ஆக இந்த அட்டை அந்த நாளுக்கு முந்தியது இல்லை, என்னுடைய "1968–70?" கவர் அங்கேயே குப்பைக்குப் போனது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பின்கோடு இருந்தால் 1972க்குப் பின் என்பது உறுதி. இல்லையென்றால் 1972க்கு முன் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் சென்னை-17 என்று எழுதும் பழக்கம் அதற்கப்புறமும் வெகுகாலம் போகவில்லை. அட்டைகளுக்கு வருஷம் சொல்வதில் எனக்குத் தெரிந்த ஒரே விதி இதுதான்: இருப்பது சாட்சி சொல்லும், இல்லாதது சொல்லாது. இதே மாதிரி இன்னொரு குழி, "சென்னை" என்று போட்டிருப்பதைப் பார்த்து 1996க்குப் பின் என்று சிலர் சொல்வது. 1996இல் மாறியது மெட்ராஸ் என்ற அதிகாரப்பூர்வப் பெயர். தமிழில் அதற்குப் பல காலம் முன்பிருந்தே சென்னைதான்.

அடுத்து எழுத்து. விளம்பரத்தில் லை, னை, ளை எல்லாம் யானைத் தும்பிக்கை போட்ட பழைய வடிவம், ணா, றா, னா எல்லாம் காலைச் சுருட்டிக்கொண்ட பழைய வடிவம். இப்படி மொத்தம் 13 எழுத்துகளைத் தமிழக அரசு மாற்றி ஆணை போட்டது 1978 அக்டோபரில். எனவே 1978க்கு முன் என்று முடிக்கலாம்தானே? முடிக்கக் கூடாது. பெரியாரின் குடியரசு 1935லேயே சீர்திருத்த எழுத்தில் வந்தது, அதனால் புது எழுத்தைப் பார்த்ததும் 78க்குப் பின் என்பது தப்பு. மறுபக்கம், ஈய எழுத்து வைத்துக் கோக்கும் சின்ன அச்சகக்காரர் ஆணை வந்துவிட்டது என்பதற்காக மறுநாளே புது எழுத்து வாங்கிவிட மாட்டார், பெட்டியில் இருக்கும் எழுத்து தேயும் வரைக்கும் அதுதான். கையால் எழுதும் தலைப்பு எழுத்துகளில் பழைய வடிவம் இன்னும் அதிக நாள் தங்கியது. போர்டு எழுதுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், தும்பிக்கை வளைவில் ஒரு அழகு இருந்தது என்று. ஆக எழுத்து காட்டியது ஒரு சாய்வை மட்டும்: எழுபதுகளின் பிற்பகுதியைத் தாண்டியிருக்க வாய்ப்புக் குறைவு.

விளம்பரம்தான் கழுத்தைப் பிடித்தது. "இருபது அம்சத் திட்டம்". நெருக்கடி நிலை அறிவித்தது 1975 ஜூன் 25, இந்திரா காந்தி இருபது அம்சத் திட்டத்தை அறிவித்தது ஜூலை 1. அதனால் கீழ்வரம்பு ஒரே தாண்டில் 1972இலிருந்து 1975 ஜூலைக்கு வந்துவிட்டது. ஆனால் இந்தப் பெயர் 1982இலும் 1986இலும் திருத்தி மறுபடி வந்தது என்பதால், விளம்பரத்தை மட்டும் வைத்து எண்பதுகளைத் தள்ளிவிட முடியாது. பழைய எழுத்தையும் விளம்பரத்தையும் சேர்த்து வைத்தால்தான் வழி குறுகுகிறது: 1977 மார்ச் தேர்தலில் காங்கிரஸ் தோற்று ஜனதா ஆட்சி வந்தபின், இந்திராவின் திட்டத்துக்கு மத்திய அரசு காசு கொடுத்து விளம்பரம் போட்டிருக்காது. மிச்சம் 1975 ஜூலை முதல் 1977 மார்ச் வரை. அப்பா அப்போது கொடைக்கானலில், கல்யாணமாகி, ஒரு வயதோ இரண்டு வயதோ ஆன பெண் குழந்தையோடு இருக்கிறார்.

கீழே ஒட்டியிருந்த சீட்டுக்கு வருகிறேன், இந்தக் கட்டுரையில் நான் வெட்கப்பட வேண்டிய இடம் அது. வாடகை நூலகச் சீட்டு, திருப்பித் தர வேண்டிய தேதியை ஊதா ரப்பர் ஸ்டாம்பில் குத்தியிருப்பார்களே, அது. அட்டையின் ஓரங்கள் ஏன் வெட்டுப்பட்டன என்பதற்கும் அதுதான் பதில். லெண்டிங் லைப்ரரிகளில் மாத நாவல்களை நாலைந்தாகச் சேர்த்துத் தைத்துக் காலிகோ துணி போட்டு பைண்ட் செய்வார்கள், தைத்தபின் மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் ஒரு வெட்டு. பெயர், விலை, மாதம், ஓவியர் கையெழுத்து எல்லாம் இருப்பது ஓரத்தில்தான், போகட்டும் என்று போய்விடும். கதை போகவில்லையே, வாடகைக்கு எடுப்பவருக்கு அது போதும். பைண்ட் பிரிந்து பழைய பேப்பர் கடைக்கு வந்த புத்தகத்திலிருந்து அப்பா அட்டையை மட்டும் உருவியிருக்கிறார்.

சீட்டின் மேல் பூஞ்சை படிந்திருந்தது. கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரம், வருஷத்தில் பாதி நாள் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும், தாள் எப்போதும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடிப்பதும், பழுப்புப் புள்ளி விழுவதும், ராமபாணப் பூச்சி கோந்து இருக்கும் இடமாகப் பார்த்துத் தின்பதும் இங்கே சகஜம். காய்ந்த மென்பிரஷ்ஷால் தட்டியிருக்க வேண்டியதை, அவசரத்தில் ஈரப் பஞ்சால் துடைத்தேன். ரப்பர் ஸ்டாம்ப் மை தண்ணீரில் கரையும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். துடைத்தேன். தேதி, மாதம், 7 எல்லாம் நிற்க, கடைசி இலக்கம் மட்டும் ஊதாக் கறையாகப் பரவியது. 6 போலவும் இருந்தது, 8 போலவும் இருந்தது. 78 என்றால் சீட்டால் ஒரு பயனும் இல்லை.

காப்பாற்றியது தம்பிதான். முதல் நாள் போனில் பேசியபின் அவர் எல்லா அட்டையையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார், பின்பக்கப் படங்களை நான் திறந்தே பார்க்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் பளிச்சென்று 12 ஆகஸ்ட் 76. சீட்டில் இருந்த முதல் தேதி அது. ஆகவே அட்டை அச்சானது 1975 ஜூலைக்கும் 1976 ஆகஸ்டுக்கும் இடையில். (துடைக்கும் முன் படம் எடு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்.)

இங்கே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் இன்னும் ஒரு அடி வைத்தேன். தமிழ்நாட்டில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது 1976 ஜனவரி 31. இருபது அம்ச விளம்பரம் தமிழ்ப் பத்திரிகைகளில் பெருகியது அதற்கப்புறம்தான் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு "1976 பிப்ரவரி – ஆகஸ்ட்" என்று புதுக் கவரில் எழுதினேன். ஆதாரம் ஒன்றும் இல்லை, வெறும் ஊகம். அது எப்படி உடைந்தது என்று அடுத்துச் சொல்கிறேன்.

வருஷம் மெட்ராஸ் கதையை உடைத்ததே தவிர, அப்பா வரையவில்லை என்று நிரூபிக்கவில்லை. கொடைக்கானலில் இருந்துகொண்டே வரைந்து தபாலில் அனுப்பியிருக்கலாம், மெட்ராஸில் பழக்கமானவர்கள் இருந்திருப்பார்கள். அதற்குத்தான் பென்சில் கட்டங்களைத் தங்கக்கடை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். லென்ஸில் அச்சுப் புள்ளிகள் தெரிந்தன, ஒவ்வொரு புள்ளியின் விளிம்பிலும் மை ஒதுங்கி ஒரு கறுத்த வளையம். உலோக பிளாக்கை அழுத்தி அச்சடித்தால் வருவது அது, ஆஃப்செட்டில் புள்ளி சமமாக இருக்கும். பென்சில் கோடு அந்த மைக்கு மேலே, பளபளவென்று ஓடுகிறது. அதாவது அச்சான அட்டையின் மேல்தான் கட்டம் போட்டிருக்கிறார். சின்னப் படத்தைப் பெரிய பலகைக்கு மாற்ற பேனர்காரர்கள் செய்வது இது: படத்தில் அரை அங்குலக் கட்டம், பலகையில் அரை அடிக் கட்டம், ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து எடுத்து வைப்பது. ஒருவர் தான் வரைந்த படத்தைத் தானே கட்டம் போட்டுப் பெரிதாக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனாலும் பெட்டியில் இருந்த 43இல் 17 அட்டைகளில் இதே கட்டம் இருந்தது, அந்த அமெரிக்க அட்டையையும் சேர்த்து. இந்தக் கட்டு அவருக்குத் தொழில் சாமான்.

முடித்து வைத்தது காரைக்குடிப் பக்கம் இருக்கும் ஒரு சேகரிப்பாளர். எனக்கு அண்ணன் மாதிரி, எதையும் விற்க மாட்டார், ஆனால் எதைக் கேட்டாலும் எடுத்துப் பார்த்துச் சொல்வார். படத்தை அனுப்பிய மூன்றாம் நாள் பதில் வந்தது. அவரிடம் அதே இதழ், பைண்ட் ஆகாமல், ஓரம் வெட்டாமல், உள்ளே கதையோடு முழுசாக. கீழே ஜனவரி 1976 என்று அச்சாகியிருக்கிறது. என் பிப்ரவரி – ஆகஸ்ட் அதோடு காலி. ஆட்சி கலைவதற்கு முன்பே விளம்பரம் வந்திருக்கிறது. வலது ஓரத்தில், சேலைக் கரைக்குக் கீழே, எங்கள் பிரதியில் கத்தி கொண்டுபோன முக்கால் அங்குலத்தில், ஓவியரின் கையெழுத்து. வேறொருவருடையது. தெளிவாகப் படிக்க முடிகிற கையெழுத்து, இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்க இடமில்லாதது. அவர் குடும்பத்தைக் கேட்காமல் பெயரை எழுதுவது முறையில்லை என்பதால் விடுகிறேன்.

அப்படியானால் அமெரிக்க அட்டையோடு இருந்த ஒற்றுமை? இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே புரியவில்லை, அன்று ராத்திரி எதைப் பார்த்து அப்படித் துள்ளினேன் என்று. பெண், வெளிச்சம், ஜன்னல், பின்னாலிருந்து ஒரு கை. இது ஒரு படமே இல்லை, ஒரு வாய்ப்பாடு. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் வந்தது, தமிழில் 1969இல் ராணிமுத்து தொடங்கி மாத நாவல்கள் பெருகிய பிறகு இங்கேயும் வந்தது, பார்க்காமலே வரைவார்கள். மடிப்பு விழும் இடம், விரல்கள் நிற்கும் விதம், நிழல் போகும் திசை, இவை ஒத்துப்போனால்தான் நகல் என்று பேசலாம். இதில் ஒன்றும் ஒத்துப்போகவில்லை. எழுபதுகளின் ஓவியர் 1930களின் அந்த இதழைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மற்ற 42க்கும் ஒரு பத்தி போதும். பதினொன்றுக்கு மாதம் வரை சொல்ல முடிந்தது, பத்தொன்பதுக்கு இரண்டு மூன்று வருஷ ஜன்னல் கிடைத்தது, பன்னிரண்டு சும்மா படமாகவே நிற்கின்றன. இரண்டு அட்டைகளில் "நயா பைசா" விலை இருந்தது, அது 1957 ஏப்ரலுக்கும் 1964க்கும் இடைப்பட்டது. ஒரு அமெரிக்க அட்டையின் பின்பக்க விளம்பர முகவரியில் சிகாகோ என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றை இலக்கத் தபால் மண்டல எண், அது அமெரிக்கத் தபாலில் 1943 மே மாதம் வந்தது. ஒரு தமிழ் அட்டை முழுக்க நீலமாக இருந்தது. யாரோ அழகுக்காக அப்படி அச்சடித்தார்கள் என்று நினைத்தேன், அப்புறம்தான் ஒரு மூலையில் இன்னொரு அட்டை மூடியிருந்த இடத்தில் சிவப்பும் மஞ்சளும் அப்படியே இருப்பதைப் பார்த்தேன். வெயிலில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் ஓடிவிடும், நீலமும் கறுப்பும் நிற்கும். கடை வாசலில் வெகுநாள் தொங்கியிருக்கிறது.

தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். நான்தான் அவர் கதைக்கு இல்லாத ஆதாரத்தைக் கொடுத்து ஊதிப் பெருக்கியவன். கடைசியில் நாயுடுபுரத்துக்கே போய், அம்மாவும் இருக்கும்போது காரைக்குடிப் படத்தைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரிண்ணே. பொய்யா சொல்லிட்டிருந்தாரு?" என்றார். அதற்கு அம்மா, "மூஞ்சிக்கல்லுல டீக்கடை ஒண்ணு இருந்துச்சுல்ல, அது பக்கத்துல டார்ச் பேட்டரி விக்கிற கடைக்கு ஒரு பொம்பளை படம் எழுதினாரு, பச்சைச் சீலை. ஆளு உசரம் இருக்கும். சாயங்காலம் பஸ்ல வர்றவன் எல்லாம் எறங்கி நின்னு பாப்பான். அதத்தான் இவன்கிட்டச் சொல்லிருப்பாரு, இவன் சின்னப் பிள்ளை, அட்டையக் காட்டினதும் அதையே புடிச்சுக்கிட்டான்" என்றார். அந்தக் கடையும் இல்லை, போர்டும் இல்லை. நினைவை ஆதாரமாக எழுதிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு, ஆனால் அரை அங்குலக் கட்டம் இந்தச் சொல்லோடு பொருந்துகிறது.

கிளம்பும்போது தம்பி பெட்டியைத் துடைத்து வெயிலில் வைக்க எடுத்தார். அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. மாதக் காலண்டர் தாள், முதுகுப்பக்கம் மேலாக. அதில் பென்சிலும் போஸ்டர் கலருமாக ஒரு படம், பாதி முடித்தது: பனிமூட்டம், யூகலிப்டஸ் மரங்கள், ஒரு பங்களாவின் படிக்கட்டு, படியில் லாந்தரோடு குனிந்து எதையோ பார்க்கும் ஒரு ஆள். கொலையோ, புதையலோ, தெரியாது. மேலே மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளையாக விட்டிருந்தார், கீழே வலது மூலையில் ஒரு சின்ன வட்டம், அதுவும் காலி.

"மேல ஏன்ணே வரையாம விட்டுட்டாரு?"

"பத்திரிகை பேர் போடுற இடம் தம்பி அது. கீழே வட்டத்துல விலை வரும்."

தாளைத் திருப்பினோம். மேல்பகுதியைக் கத்தரித்திருந்ததால் வருஷம் இல்லை. மார்ச், 1ஆம் தேதி திங்கட்கிழமை. அது 1965, 1971, 1976, 1982, 1993 எல்லாவற்றுக்கும் பொருந்தும். அமாவாசைக்குப் போடும் கறுப்பு வட்டம் 30ஆம் தேதியில் இருந்தது. 1971லும் 1982லும் மார்ச் அமாவாசை 25ஐ ஒட்டியே வந்துவிடுகிறது, 1993இல் இன்னும் முந்தி, 1965இல் மாதத் தொடக்கத்தில். 30 என்பது 1976க்கு மட்டும்தான்.

தாளின் வலது கீழ் ஓரம் வெட்டுப்படவில்லை. அங்கே அவர் பெயரின் முதல் எழுத்தும், அதற்குக் கீழே ஒரு கோடும் இருந்தன. கவரில் எழுதினேன்: மார்ச் 1976க்குப் பின். அச்சேறாதது. தம்பி அந்தக் கவரைக் கொடுக்கவில்லை, டாக்ஸியில் கண்ணாடிக்கு மேலே சொருகிக்கொண்டார். வெயில் படும் இடம் அது, மஞ்சள் போய்விடும் என்று சொன்னேன்.